பத்துக்கு எத்தனை?

ஜாதகத்தைத் தீயிலிட்ட கையால் எழுதப்பட்ட கடிதம் ஒன்று எனக்கு வந்திருக்கிறது. எழுதியவர் நம்மவர். மாணவப் பருவத்து மாலைப் பொழுதையெல்லாம் மன்றத்தின் படிப்பகத்திலே கழித்தவர். அம்மி மிதிக்காமல், அருந்ததி பார்க்காமல், ஐயர் வராமல் மணம் செய்து கொண்டவர். பெண் வீட்டார் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டுமென்றபோது, பொருந்த வேண்டியது நாங்கள் இருவர்தானே, இடையில் பஞ்சாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டு, அவர்களையும் சிரிக்க வைத்துச் சம்மதிக்க வைத்தவர். இன்று கலிபோர்னியாவிலே கணிப்பொறித் தொழிலில் இருக்கிறார். அவர் எழுதுகிறார்:

“மகளுக்கு அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. வீடு மாற வேண்டும். பெர்க்லி நகரில் உள்ள உயர்நிலைப்பள்ளியை நம்பி அங்கே போகலாமா, அல்லது நம் ஆட்கள் பலரும் போவதுபோல ஃப்ரீமாண்ட், கூப்பர்டினோ பக்கம் போய்விடலாமா? அங்கே பள்ளிகளுக்குப் பத்துக்குப் பத்து, ஒன்பது என்று வருகிறது. பெர்க்லிக்கு அதைவிடக் குறைவாம். மூவாயிரம் பிள்ளைகள், பல இனம், பல நிறம். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

பத்துப் பொருத்தம் பழுதென்றவர், பத்துக்கு எத்தனை என்கிறார்! சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஆனால் “பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது” என்ற வரி வைக்க விடவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். மேடையிலே சமத்துவம் பேசிய தந்தை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த வாயிலில் நுழைவது என்று திகைக்கிறார். இந்தத் திகைப்பு அவர் ஒருவருடையதன்று. ஆகவே அவருக்கு எழுதிய விடையை உங்கள் முன்பும் வைக்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். எண்ணை இடுகிற சோதிடர் யார்? 1998-ல் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு. மாநில அரசு நடத்தும் தேர்வுகளின் மதிப்பெண்களைப் பெரிதாக வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் பள்ளி ஒன்று முதல் பத்து வரை எண் கொடுக்கிறது. வீடு விற்கும் வலைத்தளங்கள் அந்த எண்ணை எடுத்து, வீட்டின் படத்துக்கு அடியிலே பொட்டு வைத்தாற்போல ஒட்டி வைக்கின்றன. எண் பெரிதென்றால் வீட்டின் விலை பெரிது. விலை பெரிதென்றால் வாங்குவோரின் வருமானம் பெரிது. வருமானம் பெரிதென்றால் பிள்ளைக்கு மாலையிலே தனிப்பாடம், கோடையிலே பயிற்சி முகாம், பள்ளிக்கு வராத ஒன்றை வீட்டிலேயே சொல்லித்தர இரு பட்டதாரிகள். மறுபடியும் மதிப்பெண் பெரிது, மறுபடியும் எண் பெரிது! வட்டம் முடிந்தது. இதிலே ஆசிரியர் எங்கே வந்தார், பள்ளி எங்கே வந்தது? பெற்றோரின் வருவாயும் நிறமும் பெரும்பாலும் எப்படியோ அப்படியே இந்த எண்ணும் இருக்கிறது என்று ஆராய்ந்தோர் பலர் எடுத்துக்காட்டிய பிறகு, அந்த அமைப்பே மாணவரின் ஆண்டு வளர்ச்சி, ஏழை மாணவரின் நிலை ஆகியவற்றையும் கணக்கிலே சேர்க்கத் தொடங்கியது. நன்று. ஆனால் வீடு தேடுகிறவன் கண்ணுக்குத் தெரிவது இன்றும் ஒற்றை எண்தான்.

ஜாதகமாவது பிறந்த நேரத்தைக் கேட்கும். இந்த எண் பிறந்த வீட்டைக் கேட்கிறது.

சரி, எண்ணை விடுவோம். பள்ளியைப் பார்ப்போம்.

பெர்க்லி நகரம் சரிவிலே அமைந்த ஊர். கிழக்கே குன்று, மேற்கே வளைகுடா. குன்றின்மேல் மரங்களுக்கிடையே மாளிகைகள். அவற்றின் சன்னலைத் திறந்தால் கடலும் பாலமும் தெரியும். கீழே தாழ்நிலத்தில் சிறு வீடுகள், தொழிற்கூடங்கள், இருப்புப்பாதை. ‘மேட்டுக்குடி’ என்ற சொல்லை நாம் உருவகமாக வழங்குகிறோம். பெர்க்லியில் அது நேர்ப்பொருளே தரும்! நடுவிலே ஒரு தெரு. குரோவ் தெரு என்பது பழைய பெயர். அதற்குக் கிழக்கே கறுப்பின மக்களுக்கும் ஆசிய மக்களுக்கும் வீடு விற்பதில்லை என்று எழுதாச் சட்டமாகவும், சில இடங்களிலே பத்திரத்தில் எழுதிய சட்டமாகவுமே ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதி அமெரிக்காவில் முளைத்த தொடக்க இடங்களுள் இந்நகரமும் ஒன்று. ஆண்டு 1916. அழகு கெடாமலிருக்க என்றார்கள். அண்டை வீட்டில் யார் வரக்கூடாது என்பதே அதன் உட்கருத்து. நகர மன்றம் அதை முடித்து வைக்கத் தீர்மானித்தது 2021-ல். நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்கிரகாரத்துக்கு ஒரு தெரு, ஊருக்கு ஒரு தெரு, சேரிக்கு ஊரெல்லை என்று வகுத்த மண்ணிலே பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குரோவ் தெருவுக்கு இன்று மார்ட்டின் லூதர் கிங் பெயர். பெர்க்லி உயர்நிலைப்பள்ளியின் மேற்கு எல்லை அந்தத் தெருதான்! மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கோடு கிழித்தார்களே, அந்தக் கோட்டின்மேலேயே பள்ளி நிற்கிறது. வழக்கமான பாதையில் பயிலும் பிள்ளைகளுக்கு ஊரிலே பொது உயர்நிலைப்பள்ளி இது ஒன்றே. மேட்டுப் பிள்ளை இறங்கி வரவேண்டும். பள்ளத்துப் பிள்ளை நடந்து வரவேண்டும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர். அவர்களுள் எந்த ஓர் இனமும் பாதியைத் தாண்டவில்லை.

1880-ல் தோன்றிய பள்ளி. அதன் புகழ் பாடுவோர் பழைய மாணவர் பட்டியலைத் தலபுராணம்போல ஓதுவார்கள்: நாடக ஆசிரியர் தார்ன்டன் வைல்டர் இங்கே படித்தார், கறுஞ்சிறுத்தைக் கட்சியை 1966-ல் தொடங்கிய இருவருள் ஒருவரான பாபி சீல் இங்கே படித்தார், என்று. தலபுராணத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் அதிலே ஒரு செய்தி உதவும். எழுத்துலகிலே பெரும்பேர் பெற்ற அர்சுலா லெ குவின், ஃபிலிப் கே. டிக் இருவரும் இப்பள்ளியின் 1947-ஆம் ஆண்டு வகுப்பினர்; ஒருவரையொருவர் அறியாமலே படித்து வெளியேறினர். பள்ளி எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கற்பனையின் இரு சிகரங்கள் ஒரே முற்றத்தில் நடந்தும் சந்திக்கவில்லையென்றால், கூச்சமுள்ள ஒரு பெண் அங்கே கரைந்துபோக எவ்வளவு நேரமாகும்! தோழரின் பயத்தில் பாதிக்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

மறுபாதிப் பயம்தான் நான் பேச விரும்புவது.

1964-ல் பெர்க்லிக் கல்விக் குழு, நகரின் நடுநிலைப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் கலந்து அமர்த்தத் துணிந்தது. உடனே, குழுவினரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமென்று வாக்கெடுப்புக் கேட்டார்கள். வாக்கெடுப்பு நடந்தது, இறக்க முனைந்தோர் தோற்றனர். 1968-ல் தொடக்கப் பள்ளிகளிலும் கலப்பு வந்தது. நீதிமன்றம் ஆணையிட்டதால் அல்ல, தாமே முன்வந்து. கறுப்புக் குழந்தையை மட்டும் வண்டியேற்றி மேட்டுக்கு அனுப்புவது பிற ஊர்களிலே வழக்கம். இங்கே வண்டி இரு பக்கமும் ஓடியது. மேட்டுக் குழந்தை பள்ளத்துப் பள்ளிக்கு வந்தது. பள்ளத்துக் குழந்தை மேட்டுப் பள்ளிக்குச் சென்றது. இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நகரம் இப்படித் தானாகச் செய்தது அந்நாட்டிலே புதுமை.

அந்த வண்டியில் ஏறியவர்களுள் ஒரு சிறுமியின் தாய் நம் சென்னையிலே 1938-ல் பிறந்தவர். சியாமளா கோபாலன். 1958-ல் மேற்படிப்புக்காகத் தனியே கடல் கடந்து பெர்க்லிப் பல்கலைக்கழகம் சென்றார். பார்ப்பனக் குடும்பத்துப் பெண். ஜமைக்கா நாட்டுக் கறுப்பினத்தவரை மணந்தார், பிறகு பிரிந்தார், இரு மகளிரையும் தாழ்நிலத்து வாடகை வீட்டிலே வளர்த்தார். மூத்த மகள் கமலா, மேட்டிலிருந்த தௌசண்ட் ஓக்ஸ் தொடக்கப் பள்ளிக்குப் பேருந்திலே சென்றாள். 2019 ஜூன் மாதத்து வேட்பாளர் விவாத மேடையிலே, இந்தப் பேருந்துத் திட்டத்தின்பால் ஜோ பைடன் ஒரு காலத்தில் கொண்டிருந்த நிலையை எதிர்த்து அவர் எழுப்பிய கேள்வி நாடெங்கும் ஒலித்தது. பின்னர் அதே பைடனின் கீழ் 2021 முதல் 2025 வரை துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்தார். அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடும் இருக்கலாம், முரண்பாடும் இருக்கலாம். அது வேறு பேச்சு. அவர் உயர்நிலைப் படிப்புக்கு முன்பே கனடா சென்றுவிட்டதால் நான் பேசும் பள்ளியில் படித்தவருமல்லர். நான் சுட்டுவது தாயை. நூல் அணியும் குலத்திலே பிறந்த அந்த அம்மையார், “அந்தப் பேருந்திலே யார் யார் ஏறுகிறார்கள்?” என்று கேட்டு மகளைத் தடுக்கவில்லை. நூலை எதிர்த்துப் பேசிய நம் தோழரோ கேட்கிறார்!

கடுமையாக எழுதிவிட்டேனோ? இருக்கட்டும். பள்ளியின்மீதும் இதே கடுமையைக் காட்டப் போகிறேன்.

ஒரே வாயிலில் நுழைகிறார்கள். ஒரே வகுப்பில் அமர்கிறார்களா? இதுதான் பெர்க்லிப் பள்ளியிடம் கேட்கவேண்டிய கேள்வி. பள்ளியே வெட்கப்பட்டுக் கேட்டுக்கொண்ட கேள்வியும் இது. 1994-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ‘ஸ்கூல் கலர்ஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. ஓராண்டுக் காலம் இந்தப் பள்ளியிலே படம் பிடித்தவர்கள், முற்றத்திலே வெள்ளையர் ஒரு மூலை, கறுப்பர் ஒரு மூலை, ஆசியர் ஒரு மூலை, லத்தீன் அமெரிக்க வழியினர் ஒரு மூலை என்று நிற்பதைக் காட்டினார்கள். ஊர் கொதித்தது. எங்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்றார்கள். கண்ணாடியைத் திட்டுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்.

ஆனால் சிலர் கண்ணாடியை உடைக்காமல் கிட்டப்போய்ப் பார்த்தார்கள். கல்விக் குழுவில் முன்னர்ப் பணியாற்றிய பேராசிரியர் பெத்ரோ நொகேராவும், ஆசிரியர், மாணவர், பெற்றோர் பலரும் சேர்ந்து 1996 முதல் சில ஆண்டுகள் பள்ளியை உள்ளிருந்தே ஆராய்ந்தனர். அதன் விளைவு 2006-ல் ‘அன்ஃபினிஷ்டு பிசினஸ்’ என்ற நூலாகவும் வந்தது. அவர்கள் கண்டதிலே ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாணவன் ஒன்பதாம் வகுப்பிலே எந்தக் கணக்கு வகுப்பில் உட்காருகிறான் என்பதை வைத்தே, நான்காண்டு கழித்து அவன் எங்கே நிற்பான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்! வடிவியலில் தொடங்குகிறவனுக்கு உயர் கணக்கும், உயர் கணக்குக்குப் பின்னே உயர் அறிவியலும், பல்கலைக்கழகமும் வரிசையாகக் கதவு திறக்கின்றன. இயற்கணிதத்துக்கும் முந்தைய வகுப்பில் அமர்த்தப்பட்டவனுக்கு அந்த வரிசையே தெரிவதில்லை. முன்னவர்களிலே மேட்டுப் பிள்ளைகள் மிகுதி. தனியார் நடுநிலைப் பள்ளியிலே காசு கொடுத்துப் படித்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுப் பள்ளிக்கு வந்தவர்களும் அதில் உண்டு. பின்னவர்களிலே கறுப்புப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகளும் மிகுதி. யாரும் சதி செய்யவில்லை. யாரும் ‘உனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லவில்லை. தெரிந்த பெற்றோர் ஆலோசகரைப் பார்த்துப் பேசி வகுப்பை மாற்றிக் கொண்டார்கள். தெரியாத பெற்றோர் வந்த தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

1953-ல் இங்கே ஒரு திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றார்கள். குலக்கல்வி என்று நாம் பெயரிட்டோம், எதிர்த்தோம். மறு ஆண்டே அது ஒழிந்தது. அதை எதிர்ப்பது எளிது, ஏனெனில் அது ஆணையாக வந்தது, கையெழுத்திட்டவர் இருந்தார். பெர்க்லியின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆணையாக வரவில்லை. கால அட்டவணையாக வந்தது. துரோணர் கட்டைவிரலைக் கேட்கவே இல்லை. ஏகலைவனின் பெயர் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று என்று வருந்துகிறார். இப்படிப்பட்டதை எதிர்க்கக் கூட்டம் போட்டால் எவரைப் பெயர் சொல்லி அழைப்பது?

இந்த இடத்திலே பள்ளிக்கு ஒரு நற்சான்று உண்டு. தெரிந்த பிறகு சும்மா இருக்கவில்லை. பெரிய பள்ளியை உள்ளுக்குள்ளேயே சிறு பள்ளிகளாகப் பிரித்தார்கள்: கலைக்கு ஒன்று, செய்தித் தொடர்புக்கு ஒன்று, மருத்துவம், பொதுப்பணிக்கு ஒன்று, இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஒன்று, உயர்நிலைப் பாடங்களை நாடுவோர்க்கு ‘அகாடமிக் சாய்ஸ்’ என்று ஒன்று. பிரித்தது ஒருவரையொருவர் அறிய. நடந்தது என்ன? எதிலே கல்லூரிக் கனவு கனத்ததோ அதிலே மேட்டுப் பிள்ளைகள் குவிந்தார்கள் என்று மீண்டும் முறையீடு எழுந்தது. சாதிப் பிள்ளையார் கோயிலை இடித்தால், இடித்த கல்லிலேயே இரண்டு பிள்ளையார் முளைக்கிற கதை! பிறகு 2018-ல் வேறொரு வழி கண்டார்கள். ஒன்பதாம் வகுப்பினர் அனைவரும், எந்தச் சிறு பள்ளியும் இன்றி, ஒரே பொது ஆண்டிலே பயில வேண்டும். சில ஆசிரியர் கூட்டாக ஒரு குழு மாணவரை ஏற்று நடத்த வேண்டும். பத்தாம் வகுப்பிலே பிரியும்போதும் விருப்பத்தோடு குலுக்கலும் சேர்ந்தே இடம் தர வேண்டும். இது சரியான இடத்தில் வைத்த கை. நோய் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. மருந்தையும் அங்கேயே வைத்தார்கள்.

தவறான இடத்தில் வைத்த கையும் உண்டு. 2009-ன் இறுதியில் பள்ளியின் நிர்வாக மன்றம் ஒரு யோசனை சொன்னது. காலையில் பள்ளி தொடங்குமுன்னும் மாலையில் முடிந்த பின்னும் நடக்கும் அறிவியல் ஆய்வக வகுப்புகளை நிறுத்தலாம். அந்தப் பணத்தைப் பின்தங்கிய மாணவருக்குச் செலவிடலாம் என்று. அடடா, எழுந்த கூச்சல்! அறிவியலைக் கொல்கிறார்கள், வெள்ளைப் பிள்ளைகளைத் தண்டிக்கிறார்கள் என்று நாடெங்கும் ஏடுகள் அலறின. யோசனை முதலில் வைத்த வடிவத்தில் நிறைவேறவில்லை.

பகுத்தறிவாளனாக நான் எந்தப் பக்கம்? ஆய்வகத்தை மூடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆய்வகந்தான் நம் கோயில் என்று சொல்லமாட்டேன், அந்தச் சொல்லே நமக்கு ஒவ்வாது; சொன்னவன் சொன்னதற்காக எதையும் நம்பாமல், சோதித்துப் பார்த்து நம்பும் பழக்கம் கைக்கு வருகிற இடம் அது. சிலருக்கு நீர் எட்டவில்லை என்பதற்காகக் கிணற்றைத் தூர்ப்பதா? கயிற்றையல்லவா நீட்ட வேண்டும்! ஆனால் அலறியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. அந்த ஆய்வகத்திலே கறுப்புப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று அதற்கு முந்தைய ஆண்டு அலறினீர்களா? அதற்கும் முந்தைய ஆண்டு? நமது ஊரிலும் தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று ஓலமிடுவோர் எப்போது ஓலமிடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறோம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவிலே 1978-ல் நிலவரியைக் கட்டிப்போட்ட வாக்கெடுப்பு ஒன்று வெற்றி பெற்றது. பள்ளிகளின் வருவாய் வற்றியது. பெர்க்லி மக்கள் 1986-ல், எங்கள் வீட்டுக்கு நாங்களே கூடுதல் வரி போட்டுக் கொள்கிறோம், பள்ளிக்குக் கொடுங்கள் என்று வாக்களித்தார்கள். மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டிய தீர்மானம்! காலம் முடியும்போதெல்லாம் வாக்களித்துப் புதுப்பித்தும் வருகிறார்கள். வகுப்பறையில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க, நூலகம் நடத்த, இசை கற்பிக்க அந்தப் பணம் போகிறது. பிள்ளையில்லாத வீட்டுக்காரனும் கட்டுகிறான். பத்துக்கு எத்தனை என்ற எண்ணுக்குள் இந்தச் செய்தி எங்கே இருக்கிறது?

பாடத்திலும் பிற பள்ளிகள் அஞ்சியதை இங்கே துணிந்தார்கள். 1960-களின் இறுதியில் கறுப்பு மாணவர்கள் கேட்டுப் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத்துறை இன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பொது உயர்நிலைப் பள்ளியில் இப்படியொரு துறை மிக அரிது. பல இனத்தாரின் வரலாற்றைப் பயில்வதை 1990-களின் தொடக்கத்திலேயே ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டாயமாக்கினார்கள். வரலாறு என்றால் மன்னர் பரம்பரை என்று மனப்பாடம் செய்த நமக்கு இது பொறாமை தருவது.

ஆயினும் பாடம் படித்தால் மனம் மாறிவிடுமா? 2015 நவம்பரில் பள்ளி நூலகக் கணிப்பொறியின் திரையிலே கறுப்பு மாணவரைக் கொல்வோம் என்ற மிரட்டல் வாசகம் தோன்றியது. எழுதியவன் இதே பள்ளியின் மாணவன்! மறுநாள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர், எல்லா நிறத்தவரும், வகுப்பை விட்டு வெளியேறிப் பல்கலைக்கழகம் வரை ஊர்வலம் சென்றார்கள். நஞ்சும் அங்கேதான் முளைத்தது, எதிர்ப்பும் அங்கேதான் முளைத்தது. நஞ்சில்லாத பள்ளி ஒன்றை எங்காவது காட்டுவீர்களானால், எதிர்க்க ஆளில்லாத பள்ளியாக அது இருக்குமோ என்றே முதலில் ஐயுறுவேன்.

இனி, இந்தப் பள்ளியைப் பற்றி நான் எழுத முனைந்ததற்கே காரணமான செய்திக்கு வருகிறேன்.

1999 நவம்பரில் பெர்க்லி நகரத்து அடுக்கு வீடொன்றிலே, வெப்பமூட்டியின் புகைப்போக்கி அடைபட்டு, நச்சுப் புகையால் 17 வயதுப் பெண்ணொருத்தி இறந்தாள். ஆந்திரத்துச் சிற்றூரிலிருந்து வந்தவள். தாழ்த்தப்பட்ட குடும்பத்தின் மகள். வீட்டின் சொந்தக்காரர் அதே சிற்றூரிலிருந்து வந்து, நகரிலே பல்கலைக்கழகத்துக்கு அடுத்தபடியாக அதிக வீடுகளை வைத்திருந்த செல்வர். பெயரின் ஈற்றிலே சாதியையும் கடல் கடந்து கொண்டு வந்தவர். விபத்து என்றார்கள். வருந்தத்தக்கது என்றார்கள். பெரிய ஏடுகள் இரங்கி விட்டு அடுத்த செய்திக்குப் போயின.

பெர்க்லி உயர்நிலைப்பள்ளி மாணவர் நடத்தும் ஏடு ஒன்று உண்டு, பெயர் ‘ஜாக்கெட்’. அதிலே எழுதிய இரு மாணவியர் போகவில்லை. அவர்கள் மனத்தை அரித்தது ஒரு கேள்வி. இறந்தவள் நம் வயதுக்காரி. இந்த ஊரில் இருந்தாள். இந்த ஊருக்கு உயர்நிலைப்பள்ளி இது ஒன்றே. அப்படியானால் அவள் ஏன் நம் பள்ளியில் இல்லை? கேட்டார்கள். கேட்டுக்கேட்டு நடந்தார்கள். தெற்காசிய மக்களிடையே பேசினார்கள். கொத்தடிமையாகக் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்ற செய்தியை 1999 டிசம்பரில் தங்கள் ஏட்டிலே அச்சிட்டார்கள். அடுத்த மாதமே அந்தச் செல்வர் கைதானார். ஏழைப் பெண்களைப் பொய்யான ஆவணங்களில் கொண்டு வந்ததும், சிறுமியரைச் சீரழித்ததும், வேலை வாங்கியதும் வெளிவந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 2001-ல் எட்டாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

எண்ணிப் பாருங்கள். அந்த ஊரிலே இந்தியர் எத்தனை பேர்! பட்டம் பெற்றவர், பேராசிரியர், பொறியாளர், கோயில் கட்டியவர், குடமுழுக்குச் செய்தவர். அந்தப் பெண்கள் தரை துடைத்ததைப் பார்க்காதவரா அனைவரும்? பார்த்த சிலருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும். ஏன் இவள் பள்ளியில் இல்லை என்ற கேள்வி நம்மவர் நாவில் வரவில்லை. அந்தப் பள்ளியில் படித்த இரு சிறுமியர் நாவில் வந்தது. இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 2023-ல், சாதியின் பெயரால் ஒதுக்குவது குற்றம் என்று கலிபோர்னியச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா, ஆளுநரின் மறுப்பாணையால் சட்டமாகாமலே போயிற்று. எதிர்த்து நின்றவர்களுள் நம் நாட்டிலிருந்து சென்றவர்கள் எத்தனை பேர் என்பதைத் தோழரே அறிவார்.

தன் வருகைப் பதிவேட்டில் இல்லாத பெண்ணைப் பற்றிக் கவலைப்படப் பிள்ளைகளைப் பழக்கிய பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை போடுவது? எந்தச் சோதிடன் போடுவான்?

இத்தனையும் எழுதிவிட்டு, தோழருக்கு நான் “கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்” என்று எழுதவில்லை. கண்ணை மூடச் சொல்வது நம் வேலையன்று. போய்ப் பாருங்கள் என்றேன். விழா நாளில் போகாதீர்கள். தோரணம் கட்டிய நாளில் எந்த வீடும் அழகுதான். சாதாரண நாளிலே அனுமதி கேட்டுப் போங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நடக்கும் அறைகளில் இரண்டின் கதவருகே நில்லுங்கள். இரு அறையிலும் ஒரே நிறக்கலவை தெரிகிறதா என்று பாருங்கள். உயர் கணக்கு வகுப்பையும் எட்டிப் பாருங்கள். வகுப்பு மாற்றம் வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள்; அதே கேள்வியை, ஆங்கிலம் சரளமாக வராத ஒரு தாய் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்றும் கேளுங்கள். உங்களுக்குக் கிடைத்த இனிய விடையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கறுப்பின மாணவர் தொகை ஏன் குறைந்து வருகிறது என்றும் கேளுங்கள். 1970-ல் நகர மக்களில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியிருந்தவர்கள் 2020-ல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டார்கள். வாடகை விரட்டியது. நீங்கள் வாங்கப்போகும் வீடும் அந்த விலையேற்றத்தில் ஒரு செங்கல் என்பதை மறைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு என்னிடம் மருந்தில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுக்கும் புதிய வீடுகளுக்கும் வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கதவைத் திறங்கள் என்று மட்டும் எழுதினேன்.

மகள் கூச்சக்காரி என்றால், இருப்பிடம் தேடித்தர நீங்களே முதல் ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்றும் எழுதினேன். மூவாயிரம் பேரில் ஒருத்தி என்பது விளையாட்டல்ல. பேசத் தெரிந்த பெற்றோருக்கு அங்கே பலன் உண்டு. பேசத் தெரிந்தவர் தாமே நீங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. தந்தையும் மகளும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கணக்கு வகுப்பு இரண்டில் ஒன்று கலந்திருந்ததாம். மற்றொன்று அவ்வளவு இல்லையாம். ஆலோசகர் பணிவாகப் பேசினாராம், ஆனால் நேரமில்லை என்றாராம். தோழர் இன்னும் முடிவு செய்யவில்லை. மகளிடம் அந்த 1999-ஆம் ஆண்டுச் செய்தியைச் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியெல்லாம் ரயிலில் வாய் திறக்காதவள், இறங்குமுன் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: அந்த ஏடு இன்னும் வருகிறதா, அப்பா?

வருகிறது.